சீட்டு வாங்காமல் நுழையும் மைதானம்

ஆக்ஸ்போர்டுக்குப் போன முதல் வாரத்தில், கீபிள் கல்லூரிக்கு எதிரே பூங்காவின் கதவு திறந்திருப்பதைக் கண்டும் உள்ளே போகலாமா என்று தயங்கி நின்றேன். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் சாதாரணமாக என்னைக் கடந்து நுழைந்த பிறகே எனக்கும் துணிவு வந்தது. ஊரார் 'பார்க்ஸ்' என்று மட்டும் அழைக்கும் அந்த யூனிவர்சிட்டி பார்க்ஸ் நகராட்சியின் பூங்கா அன்று. 1850கள் தொடங்கி மெர்ட்டன் கல்லூரியிடமிருந்து பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிய நிலம். ஆயினும் பொழுது சாயும்வரை யார் வேண்டுமானாலும் அங்கே நடக்கலாம், புல்லில் படுத்துக் கிடக்கலாம்.

என்னை அங்கே திரும்பத் திரும்ப இழுத்தது கிரிக்கெட் மைதானம்தான். பல்கலைக்கழக அணி 1881 முதல் ஆடிவரும் அந்த இடத்தில், தாமஸ் கிரஹாம் ஜாக்சன் வடிவமைத்த பெவிலியன் இன்றும் நிற்கிறது. மதிற்சுவர் கிடையாது, எல்லைக்கயிறு ஒன்றே ஆட்டக்காரரையும் நடைபயில வந்தவரையும் பிரிக்கிறது. பொதுமக்கள் உலவும் பூங்கா என்பதால், கவுண்டி எனப்படும் இங்கிலாந்து மாவட்டங்களின் அணிகள் வந்து முதல்தர ஆட்டம் ஆடிய நாள்களிலும் யாரும் சீட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. 1961இல் ஆக்ஸ்போர்டு அணித்தலைவராக இருந்த, பின்னாளில் இந்திய அணிக்கும் தலைமையேற்ற மன்சூர் அலி கான் பட்டோடி, அப்போதைய கவுண்டி சாம்பியனான யார்க்ஷயருக்கு எதிராக இங்கே இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். நாயை உலவவிட வந்த எவரோ, அந்தச் சதங்களில் ஒன்றைக் காசில்லாமல் பார்த்துவிட்டு, அவர் யாரென்று கூடத் தெரியாமல் வீடு திரும்பியிருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்வேன். அதே ஆண்டு ஜூலையில்தான் கார் விபத்தில் பட்டோடியின் வலக்கண் பார்வை பறிபோயிற்று.

இப்போது ஏறத்தாழ 70 ஏக்கராக உள்ள பூங்கா முன்பு இதனினும் பெரியது. தெற்கு ஓரத்தில் முதலில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எழுந்தது. அதன் பின்னால் ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றாக வந்து நிலத்தைக் கடித்துக்கொண்டன. அறிவியலுக்காகத்தானே என்று சொல்லலாம். எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை.

கிழக்கே செர்வெல் ஆறு. ஆண்கள் ஆடையின்றிக் குளிப்பதற்கென்றே அதன் கரையில் இருந்த 'பார்சன்ஸ் பிளஷர்' 1991இல் மூடப்பட்டது. சற்று வடக்கே, வில்லாக வளைந்து ஆற்றைக் கடக்கிறது வானவில் பாலம். வேலையிழந்து தவித்தவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று 1923-24இல் கட்டப்பட்டது அது. இன்று அதன் உச்சியில் நிற்பவர்கள், நீண்ட கழியை ஊன்றித் தட்டைப் படகுகளைத் தள்ளும் மாணவர்களில் யார் முதலில் தண்ணீரில் விழப்போகிறார் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.