உண்மையைச் சொன்னதற்கு வாரண்டி போச்சு: ஹேமர் டிரில் சர்வீஸ் அனுபவம்

26 எம்எம் ஹேமர் டிரில், வாங்கி ஏழு மாதம், வாரண்டி ஒரு வருடம். திருப்பூரில் ஒரு வீட்டில் கான்கிரீட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தோம். கூட வேலைக்கு வரும் பையன் மோட்டார் முழுசாக நிற்பதற்குள் மோடு மாற்றும் (வெறும் துளையா, சுத்தியல் அடியோடா என்று தேர்ந்தெடுக்கும்) நாபைத் திருப்பிவிட்டான். கடகடவென்று ஒரு சத்தம், அதோடு சுத்தியல் அடி நின்றுபோனது.

கோவை சர்வீஸ் சென்டருக்குப் பஸ் ஏறிப் போனால் பில்லில் சீரியல் நம்பர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் வேலையும் போச்சு. வாங்கும்போதே நம்பரும் கடை சீலும் இருக்கிறதா பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் முறை போனபோது, எப்படி ஆனது என்று கேட்டார்கள். நடந்ததை அப்படியே சொன்னேன். ஜாப் ஷீட்டில், அதாவது பழுதைக் குறித்துக் கையெழுத்து வாங்கும் தாளில், 'மிஸ்யூஸ்' (தவறாகப் பயன்படுத்தியது) என்று எழுதியதோடு மொத்த மெஷினுக்கும் வாரண்டி இல்லை, 2,150 ரூபாய் ஆகும் என்றார்கள். ஆனால் ஸ்விட்ச் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே சரியில்லை, பாதி அழுத்தினாலும் முழு வேகத்தில்தான் ஓடும். நாபுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? "மிஸ்யூஸ்னு போட்டாச்சு சார், சிஸ்டம் எடுக்காது" என்பதுதான் பதில். வரிசையில் நின்ற ஒருவர், "ஓடிட்டிருக்கும்போதே நின்னுடுச்சுன்னு சொல்லியிருக்கணும்ணே" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. பொய் சொல்பவனுக்கு இலவசம், உண்மை சொன்னவனுக்கு பில் என்றால் அந்த வாரண்டி யாருக்காக?

மாடியிலிருந்து போட்டு உடைத்தாலோ, தண்ணீரில் நனைத்தாலோ கம்பெனி தலையில் கட்டக் கூடாது, சரி. ஆனால் கட்டை விரல் படும் இடத்தில் இருக்கும் நாபை அவசரத்தில் யாராவது திருப்பத்தான் செய்வார்கள். அது தெரிந்துதானே மேனுவலில் எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள்? முதல் தடவைக்கு, பாதிச் செலவையாவது ஏற்க வேண்டும்.

பணம் கட்டாமல், வாரண்டி மறுத்ததை எழுத்தில் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்கள். பிரித்துவைத்த மெஷினில் உடைந்திருந்த கியரைப் போட்டோ எடுத்துக்கொண்டு 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்தேன். தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்வதில்லை, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கிறார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போக வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை. ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்தே கூப்பிட்டார்கள். ஸ்விட்ச் இலவசம், லேபர் தள்ளுபடி, கியருக்கு மட்டும் 780.

கையெழுத்துப் போடும் முன் ஜாப் ஷீட்டைப் படியுங்கள், ஒவ்வொரு பழுதையும் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் சேர்த்துவிடுவார்கள். மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்மானப் பொருள், அதற்குச் சண்டை போட வேண்டாம். பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். என் கியர் டூல் பெட்டியில் இருக்கிறது, உடைந்திருப்பது மூன்றே பல்.