ஜாப் ஒர்க் பில்லும் சந்தையின் அறமும்

இருவர் மனமொப்பிச் செய்துகொள்ளும் பரிமாற்றத்தால் இருவருமே பயனடைகிறார்கள் என்பதுதான் முதலாளித்துவத்தின் அறத்துக்காகச் சொல்லப்படும் வலுவான வாதம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றிய நான் இந்த வாதத்தை ஏற்கிறேன்; அதனாலேயே, அந்த மனமொப்புதல் எங்கே முறிகிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பனியன் முழுமை பெறுவதற்குள் நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது), தையல், செக்கிங் என்று பல யூனிட்டுகளைக் கடந்து வருகிறது. இவற்றில் பல வேலைகளை ஜாப் ஒர்க், அதாவது பிறர் தரும் சரக்கில் கூலிக்கு வேலை, எடுக்கும் சிறு முதலாளிகளே செய்து தருகிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருப்பது அரிது. வாய்ப்பேச்சில் முடிந்த விலையும் ஒரு டெலிவரி சலானும் போதும். அந்த நம்பிக்கையில்தான் ஊரே ஓடுகிறது. பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் இயந்திரங்கள்) போட்டுத் தைத்துத் தருபவர் தம் ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். எங்களிடமிருந்து அவருக்குப் பணம் போவதோ மூன்று நான்கு மாதங்கள் கழித்து. இடைப்பட்ட காலத்தை அவர் வட்டிக்கு வாங்கிச் சமாளித்தார். அவர் ஒப்புக்கொண்டது விலைக்குத்தான், இந்தத் தாமதத்துக்கு அல்ல. அழுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் வேறிடம் போய்விடும் என்பதால் பொறுத்துக்கொண்டார்.

வெளிநாட்டு பையரே 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார் என்று எங்கள் தரப்பில் சொல்வார்கள். அது பொய்யன்று. ஆனால் ஆர்டரைக் காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் என்னும் ஏற்றுமதிக்கு முந்தைய கடன் வாங்கும் வழி எங்களுக்கு இருந்தது, அவருக்கு இல்லை.

கிளாஸ்கோவில் அறவியல் பேராசிரியராக இருந்த ஆடம் ஸ்மித், சந்தையைப் பற்றிய 1776 ஆம் ஆண்டு நூலுக்கு முன்பே, 1759 இல், மனிதரின் அறவுணர்வுகளைப் பற்றி எழுதினார். கொடை சமூகமென்னும் கட்டடத்துக்கு அழகு சேர்ப்பது, நீதியோ அதைத் தாங்கும் தூண் என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். பள்ளிக்கு வகுப்பறை கட்டித் தரும் நிறுவனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தைத்தவருக்குச் சேர வேண்டியதை உரிய நாளில் கொடுப்பது அதற்கு முன்னால் வர வேண்டியது.

குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. என் மேசைக்கு வந்த பில்களில் அந்த வட்டியைக் கேட்டு ஒருவரும் எழுதியதில்லை. பிறகு, இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவு திருத்தப்பட்டு, 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நிதியாண்டு முடியும் அந்த மார்ச் மாதத்தில், பாக்கி வைத்தால் வரி கூடும் என்பதால், நெடுநாள் நிலுவையில் கிடந்த ஜாப் ஒர்க் பில்கள் ஒவ்வொன்றாகப் பாஸாகின. அதற்காக நிறுவனம் புதிதாகக் கடன் எதுவும் வாங்கவில்லை. கொடுத்த பணம் முன்பே கணக்கில் இருந்ததுதான்.