தாயத்தும் மருந்துக்கடையும்

ஏப்ரல் 24, 2025, வியாழன்

அண்ணன் மகனுக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்துவிட்டது. அப்பத்தா அதைப் பஞ்சில் சுற்றிக் குங்குமச் சிமிழில் எடுத்து வைத்திருக்கிறாள். வெள்ளித் தாயத்துக்குள் போட்டு அரைஞாணில் கட்ட வேண்டுமாம். சரி, கட்டட்டும்.

சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் அந்தப் பழைய செய்தி வந்து விழுந்தது. தாயத்துக்குள் தொப்புள்கொடியை வைத்ததுதான் நம் முன்னோர்களின் ஸ்டெம் செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூல செல்) வங்கி, பின்னாளில் பெரிய நோய் வந்தால் அதை அரைத்துக் கொடுத்துப் பிழைக்க வைப்பார்கள் என்று. மதினி அதைப் படித்துவிட்டு, "நீ ஃபார்மசி படிச்சவதானே, இது நெசமா?" என்று கேட்டார்.

நிஜமில்லை. ஸ்டெம் செல் கிடைப்பது, பிள்ளை பிறந்த கையோடு கொடியிலிருந்து எடுக்கிற ரத்தத்தில். அதைப் பதப்படுத்தி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி குளிரில் வைத்தால்தான் செல்கள் பிழைத்திருக்கும். வாடி, கறுத்து, சுருங்கி விழுந்த துண்டில் உயிருள்ள செல் ஒன்றும் மிஞ்சாது. அரைத்துக் கொடுத்தால் வயிற்றுக்குத்தான் கேடு.

இதையெல்லாம் பதிலாக எழுதிப் போட்டேன். பெரியப்பா ஒரு கும்பிடு போட்டார், அவ்வளவுதான். எனக்கு ஆதங்கம் என்னவென்றால், பத்து மாதம் தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைத்திருந்த கொடி அது. தூக்கி எறிய மனசு வராமல் வெள்ளியில் வைத்துக் காப்பாற்றுகிறோம். அந்தக் காரணம் போதாதா? அதற்கு எதற்கு விஞ்ஞான முலாம்?

ஏப்ரல் 27, ஞாயிறு

அம்மாவும் நானும் மதுரை தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போய்த் தாயத்துக் குப்பி வாங்கி வந்தோம். சுண்டுவிரலின் முதல் கணு அளவுதான். ஒரு முனை பற்றவைத்து மூடியிருந்தது, மறுமுனைக்குத் தனி மூடி, மேலே கயிறு கோக்க இரண்டு வளையம். பத்தர் கொடியை ஒரு குச்சியால் மெதுவாக உள்ளே தள்ளினார். மூடியை அழுத்தி, அரக்குத் துண்டைச் சுடரில் காட்டி இரண்டு சொட்டு விட்டார். அது ஆறும் வரை விரலிடுக்கில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். தகடு அடைப்பதும் இதே குப்பியில்தானாம். செப்புத் தகட்டில் மந்திர எந்திரக் கட்டம் கீறி, இறுக்கிச் சுருட்டி உள்ளே விடுவார்கள். "தகடு எழுதுறது மந்திரிக்கிறவங்க வேலைம்மா, நமக்கு அடைக்கிறதோட சரி" என்றார்.

வெள்ளிதானா என்று உரைத்துப் பார்க்கச் சொல்லித்தான் காசு கொடுத்தேன். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் 2006-ல் நான்கு வயதுப் பையன் ஒருவன், இலவசமாகக் கிடைத்த கைச்சங்கிலியில் தொங்கிய இதய வடிவத் துண்டை விழுங்கி இறந்துபோனான். அந்தத் துண்டில் 99 சதவீதம் ஈயம். 2009-ல் நியூயார்க்கில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்க, தேடிப் பார்த்ததில் அது கட்டியிருந்த கம்போடியத் தாயத்திலிருந்து வந்தது தெரிந்தது. பிள்ளைகள் கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கும். தாயத்துக்கு மட்டும் விதிவிலக்கா என்ன?

கழுத்தில் எதுவும் கட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். தூக்கத்தில் இறுகினால் பிள்ளையால் கத்தக்கூட முடியாது. அப்பத்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் அவளே, "இடுப்புலதான் கட்டணும், கழுத்துல யாரு கட்டச் சொன்னா" என்றாள்.

மே 2, வெள்ளி

மதினியின் ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ராத்திரி முழுக்கச் சிணுங்கல். விடிந்ததும் அப்பத்தா கல் உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு, முச்சந்தி மண் எல்லாவற்றையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு" என்று மூன்று சுற்றுச் சுற்றி நெருப்பில் போட்டாள். படபடவென்று வெடித்தது. மிளகாய் நெடி ஏறாவிட்டால் கண் பட்டிருக்கிறது என்பது அவள் கணக்கு. நெடிக்கு முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

இந்தக் கடுகுக்கு மதுரையில் வயது அதிகம். சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் அரண்மனை வாசலைச் சொல்கிற இடத்தில், நிலையில் நெய்யணிந்து ஐயவி அப்பியிருந்ததாக வருகிறது. ஐயவி என்றால் வெண்கடுகு. பாண்டியன் நெடுஞ்செழியனின் அரண்மனை என்றுதான் சொல்வார்கள். அதே வெண்கடுகை இன்றைக்கும் நாட்டுமருந்துக்கடையில் பொட்டலம் கட்டி வாங்கிச் சாம்பிராணியோடு போடுகிறோம். செல்லூரில் இருக்கிற ஒரு கிழவியும் ஒரு பாண்டிய ராணியும் ஒரே பயத்துக்கு ஒரே கடுகை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது மேல் சிலிர்த்துவிட்டது.

திருஷ்டிப் பொட்டுக்குச் சாந்து வீட்டிலேயே செய்கிறாள். ஜவ்வரிசியை இரும்புச் சட்டியில் கரியாகும் வரை வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, குழம்பாக இறுகியதும் கொட்டாங்கச்சியில் ஊற்றி வெயிலில் வைப்பாள். காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் குழைத்தால் போதும், கன்னத்துக்கும் உள்ளங்காலுக்கும் பொட்டு ரெடி. இதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. கண்ணுக்குள் மை தீட்டுவதைத்தான் நிறுத்தினேன். கண்ணில் தீட்டுகிற சில சுருமா மைகளில் ஈய சல்ஃபைடு இருக்கிறது.

வசம்பு வளையலையும் கழற்றச் சொன்னேன். பிள்ளை வளர்ப்பான் என்று பேர் வாங்கிய சரக்குதான், ஆனால் அதில் பீட்டா அசரோன் என்று, எலிகளில் புற்றுநோய் உண்டாக்கிய ஒரு பொருள் உண்டு. அதனால்தான் 1968-ல் அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்க்கத் தடை போட்டார்கள். மணிக்கட்டில் கிடக்கிற வளையல் வாய்க்குப் போக எத்தனை நேரம் ஆகும்? இதற்கு மட்டும் வீட்டில் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

மே 8, வியாழன்

மீனாட்சி திருக்கல்யாணம். அம்மன் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் அம்மாவும் மதினியும் டிவி முன்னாலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். தெருவே அப்படித்தான்.

அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தாலி உண்டு. சங்கு, சக்கரம், வாள், வில், கதாயுதம் என்று திருமாலின் ஐந்து ஆயுதங்களையும் சின்னதாகச் செய்து கோத்த ஐம்படைத் தாலி. புறநானூறு 77-ல் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துப் போருக்குப் போன நெடுஞ்செழியனைப் பார்த்து வியக்கிறார்: பிள்ளைச் சலங்கையான கிண்கிணியைக் கழற்றிய காலில் இப்போதுதான் வீரக்கழல் போட்டிருக்கிறான், தாலியை இன்னும் கழற்றவில்லை, பால்குடி மறந்து இன்றைக்குத்தான் சோறு தின்றிருக்கிறான் என்று. பிள்ளைத் தாலியோடு தேரேறிய மதுரைக்காரன்! அதைக் கட்டிவிட்டவள் அன்றைக்கு எப்படி இருந்திருப்பாள் என்று பாட்டில் இல்லை.

மே 14, புதன்

அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டம் வடிந்து, இன்றைக்குத்தான் நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் வழக்கமான முகங்கள்.

மகனுக்கு மாதா மாதம் வலிப்பு மாத்திரை வாங்குகிற அம்மா ஒருவர் வந்தார். சோடியம் வால்ப்ரோயேட் அட்டையை எடுத்து வைத்தேன். "இந்த மாசம் அது வேணாம்மா. தகடு எழுதிக் கட்டியிருக்கு. மாத்திரை சாப்பிட்டா தகடு வேலை செய்யாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார். ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். அந்த ஆளின் விளம்பரச் சீட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வலிப்பு, சர்க்கரை, பிள்ளையின்மை, கடைசியில் புருஷன் வசியம். எல்லாவற்றுக்கும் தனித்தனி ரேட்டு.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. உட்கார வைத்துச் சொன்னேன். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து, நிற்காமல் போகலாம். உயிருக்கே ஆபத்து. குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். "தகட்டைக் கழற்ற வேணாம்க்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும். மாத்திரையை மட்டும் விட்டுராதீங்க." காசு இல்லையென்றால் பெரியாஸ்பத்திரியில் இலவசமாகவே வாங்கலாம் என்றும் சொன்னேன். கடைசியில் அட்டையை வாங்கிக்கொண்டு போனார். விளம்பரச் சீட்டை நான் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஃபார்மசி டிப்ளமோவான டி.ஃபார்மில் படித்த சட்டம் ஒன்று இதற்கென்றே இருக்கிறது. மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம், 1954. நோய் தீர்க்கும் என்று சொல்லித் தாயத்து, மந்திரம், கவசம் எதையும் அதில் பட்டியலிட்ட நோய்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. வலிப்பு, சர்க்கரை இரண்டும் பட்டியலில் இருக்கின்றன. நோட்டீஸ், லேபிள் மட்டும் விளம்பரம் என்று நினைக்க வேண்டாம். வாயால் அறிவிப்பதும், ஒளி, ஒலி, புகை வழியாகச் சொல்வதும் விளம்பரக் கணக்கில்தான் வரும். முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், அடுத்த தடவைக்கு ஒரு வருஷம் வரை.

அப்பத்தாவின் உப்பு மிளகாயோடு எனக்குச் சண்டையே இல்லை. அவள் மாத்திரையை நிறுத்தச் சொன்னதில்லை.

மே 18, ஞாயிறு

முப்பது கழிந்துவிட்டதால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பத்தாவும் நானும் கோரிப்பாளையம் தர்காவுக்குப் போனோம். நானும் அண்ணனும் குழந்தையாக இருந்தபோது எங்களையும் அங்கேதான் தூக்கிப் போனாளாம். சாயங்கால மக்ரிப் தொழுகை முடிகிற நேரம். வாசலில் பிள்ளைகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள், பொட்டு வைத்தவர்கள், முக்காடு போட்டவர்கள், கையில் தண்ணீர்ச் செம்போடு ஒரு கிழவி. தொழுதுவிட்டு வந்தவர்கள் ஒவ்வொரு பிள்ளையிடமும் நின்று, உதட்டுக்குள் ஓதி, முகத்தில் ஊதிவிட்டுப் போனார்கள். வேலைச் சட்டையில் இருந்த மெக்கானிக் தம்பி ஒருவன் எங்கள் பிள்ளைக்கு ஊதினான். நெற்றி முடி லேசாகப் பறந்தது. யாரும் பேர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை, காசுக்குக் கை நீளவில்லை.

அப்பத்தா, "நல்லா இருப்பா" என்று அவனுக்குத் திருநீறு பூசுகிற பாவனையில் நெற்றிக்கு நேரே கையைக் காட்டினாள். அவனும் சிரித்துக்கொண்டே குனிந்து நின்றான்.

மே 20, செவ்வாய்

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு மனு எழுதிவிட்டேன். விளம்பரச் சீட்டின் நகல், அதே ஆள் பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டிய போஸ்டரின் படம், சட்டத்தின் பெயரும் வருஷமும், பட்டியலில் வலிப்பு இருக்கிறது என்கிற குறிப்பு எல்லாம் வைத்திருக்கிறேன். அந்த அம்மாவின் பெயரை எழுதவில்லை. கடை முதலாளி, "நமக்கு எதுக்கும்மா வம்பு" என்றார். என் பெயரில்தான் போகிறது என்று சொல்லிவிட்டேன். நாளை மதியம் தபாலில் அனுப்புகிறேன். உங்கள் பக்கத்திலும் இப்படி நோய் தீர்க்கும் தகடு என்று போஸ்டர் கண்டால் படம் எடுத்து வையுங்கள். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.