பம்பாய்ச் சவரனைத் தண்ணீரில் நிறுத்துப் பார்த்தேன்

17.58! மூன்று வாரமாக 17.3, 18.1 என்று அலைக்கழித்த அடர்த்தி எண், நேற்று இரவு ஒருவழியாக நிலைக்கு வந்தது. அப்பத்தா கொடுத்த 1918 சவரன் (பிரிட்டிஷ் தங்கக் காசு) மேற்பூச்சு மட்டுமல்ல, உள்ளும் 22 காரட்தான்.

இந்த வேலையில் என்னை இறக்கிவிட்டவர் ஒரு நகைக்கடைக்காரர். "பவுன் என்றால் எட்டு கிராம், இது குறைகிறதே தம்பி" என்று உதட்டைப் பிதுக்கினார். தினமும் பவுன் விற்கிறவருக்குச் சவரனின் எடை தெரியாதது எனக்கு இன்னும் ஆறவில்லை. அச்சடித்து வெளிவரும்போதே அதன் எடை 7.988 கிராம்தான். தேய்ந்து 7.938 வரை இறங்கினாலும் அந்தக் காலத்தில் சட்டப்படி செல்லும். என்னுடையது 7.962. நூறு வயது தாண்டிய காசுக்கு இது நல்ல எடை. அவர் காரட் மீட்டரில் வைத்து 22 என்று காட்டினார். ஆனால் அந்த இயந்திரம் பார்ப்பது மேல்தோலை மட்டுமே. மொத்தக் காசையும் சோதிக்கத் தண்ணீரை விட்டால் வீட்டில் வேறு வழியில்லை.

முறை எளிது: தராசில் தண்ணீர்க் கப்பை வைத்து எண்ணைப் பூச்சியமாக்கி, காசை அடியிலும் பக்கத்திலும் படாமல் மூழ்கத் தொங்கவிடுவது. அப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை; காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. சவரன் சின்னக் காசு என்பதுதான் சிக்கல். அது விலக்கும் தண்ணீர் அரை கிராம்கூட இல்லை. நான் முதலில் வாங்கிய தராசு இரண்டு தசமம் மட்டுமே காட்டும். 0.44 என்றால் அடர்த்தி 18.1, 0.46 என்றால் 17.3. இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. "தங்கம் சோதிக்க இதுவே போதும்" என்று விற்றவர் சொன்னதை நம்பியது தண்டச் செலவு. ஒரு அவுன்ஸ் வெள்ளிக் காசுக்கு வேண்டுமானால் அது போதும். அங்கே விலகும் தண்ணீரே கிட்டத்தட்ட 3 கிராம்.

மூன்று தசமத் தராசு வந்ததும் அடுத்த தலைவலி. அது 50 கிராம் வரைதான் தாங்கும், கண்ணாடி டம்ளரே அதைத் தாண்டிவிடும். சின்ன ஐஸ்கிரீம் கப்புக்கு மாறினேன். தையல் நூலில் கட்டினால் நூல் தண்ணீரைக் குடித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறுகிறது. மெல்லிய தூண்டில் நரம்புதான் சரிப்பட்டது. மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் நிற்காது. அதை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும் விடக் காற்றுக்குமிழிதான் படுத்தி எடுத்தது. சவரனின் விளிம்பில் உள்ள நெருக்கமான வரிகளுக்குள் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒட்டிக்கொள்கின்றன. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால்தான் வெள்ளிப் பொட்டு மாதிரி மின்னும். அளவில் 0.001 கிராம் பிசகினால் அடர்த்தியில் 0.04 பிசகுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற விட்டேன், பாத்திரம் கழுவும் திரவத்தை அதில் ஒரு சொட்டு விட்டேன், காசைத் தண்ணீருக்குள்ளேயே மெல்ல அசைத்துக் குமிழிகளை உதறினேன். 0.451, 0.452, 0.451! 30 டிகிரித் தண்ணீரின் அடர்த்தி 0.9957 என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 17.58. தங்கமும் செம்பும் கலந்த 22 காரட்டுக்கு 17.6-ஐ ஒட்டித்தான் வரவேண்டும்.

தங்கம் சரி என்பதாலேயே காசு அசல் என்றாகிவிடாது. பெய்ரூட்டில் முழுத் தங்கத்திலேயே போலிச் சவரன்களை அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அதனால் பத்து மடங்கு லென்ஸில் அரை மணி நேரம் பார்த்தேன். ராஜா ஐந்தாம் ஜார்ஜ் கழுத்தின் வெட்டில் பி.எம்., மறுபுறம் குதிரைவீரன் இருக்கும் பக்கத்தில் ஆண்டுக்கு வலப்புறம் பி.பி.; வடிவமைத்தவர்களின் முதலெழுத்துகளான இவை இரண்டும் கூர்மையாக இருக்கின்றன. குதிரைக்குக் கீழே உள்ள தரைக்கோட்டில், 1918-க்கு நேர் மேலே, இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து. முதல் உலகப் போரின்போது லண்டன் நாணயச்சாலை பம்பாயில் கிளை திறந்து அடித்த காசு இது. சுமார் 13 லட்சம் அடித்ததோடு சரி, வேறு ஆண்டு எண்ணே அதற்குக் கிடையாது. அந்த ‘ஐ’ மறுபடி வந்தது 2013-இல், எம்எம்டிசி பாம்ப் நிறுவனம் ஹரியானாவில் அடித்த சவரன்களில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதே 1918-இல் பம்பாய் அடித்த 15 ரூபாய்த் தங்கக் காசும் கனவில் வருகிறது. ஆனால் கண்காட்சிகளில் அதற்குச் சொல்லும் விலை என் கைக்கு எட்டாதது. தராசு, லென்ஸ், பிளாஸ்டிக் கூடு எல்லாம் இணையத்தில் வாங்கலாம். கூடு வாங்கும்போது உள்விட்டம் 22 மில்லிமீட்டர் என்று பார்த்து வாங்குங்கள், தளர்வான கூட்டில் காசு ஆடி ஆடி விளிம்பு தேயும்.

இனி சோதிக்க வேண்டியது இன்னொரு காசு, 1911 சவரன். ராஜா தலைக்கு மேலே விளிம்பில் பொடி வைத்து ஊதி வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். வளையத்தோடு நிறுத்தால் கணக்கு நிற்காது. வெட்டினால் விளிம்பு வரிகளில் தழும்பு விழும். பத்தர் பத்து நிமிட வேலை என்கிறார். அப்பத்தாவோ, "உன் தாத்தா போட்டுவிட்ட வளையம், நான் இருக்கிறவரை இருக்கட்டும்" என்கிறார். இப்போதைக்கு அதைப் பஞ்சு வைத்துத் தனி டப்பாவில் மூடிவிட்டேன்.