தோற்றுப்போன காளை: செதுக்கு வகுப்பு நாட்குறிப்பு

ஏப்ரல் 12, 2025
இங்கிலாந்தின் நியூகாசிலில் சனிக்கிழமை வகுப்பு. மரத்தில் செதுக்கி அச்செடுத்த பழைய படம் ஒன்றை வாத்தியார் இன்று மேசையில் விரித்தார். இந்த ஊர்க்காரர் தாமஸ் பியூவிக் 1789-ல் செதுக்கிய சில்லிங்ஹாம் காட்டுக்காளை. சில்லிங்ஹாம் இங்கிருந்து வடக்கே, வெள்ளைக் காட்டுமாட்டு மந்தை ஒன்று வாழும் இடம். நான் இதுவரை பலகையின் நீளவாக்கில்தான் வெட்டிப் பழகியிருக்கிறேன். நார் இழுத்த பக்கம் உளி ஓடிவிடும். பியூவிக் பாக்ஸ்வுட் என்ற கெட்டி மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் செதுக்கியவர். அதில் மயிரிழைக் கோடுகூட நிற்கும். காளை வெள்ளை என்பதால் இருட்டையெல்லாம் பின்னாலிருக்கும் மரங்களிடம் கொடுத்துவிட்டார். உடம்பில் மெல்லிய கீறல்கள் மட்டும். லென்ஸ் வைத்துக் கழுத்து மயிரைப் பார்த்ததில் தேநீர் ஆறிப்போனது.

ஏப்ரல் 19
இந்த மாடுகளை வேட்டையாடிய விதத்தை 1790-ல் வந்த தன் விலங்கு நூலில் பியூவிக் சேர்த்திருக்கிறார். நாள் குறித்துச் சொல்லிவிட்டால் சுற்றுவட்டாரமே குதிரையிலும் நடந்தும் திரண்டு வருமாம். குதிரைக்காரர்கள் ஒரு காளையை மட்டும் பிரித்து ஓட்டுவார்கள். அது திரும்பி நின்றதும் சுடுவார்கள். சில சமயம் 20, 30 குண்டு ஆகுமாம்! படத்தில் துப்பாக்கி இல்லை, ஆளும் இல்லை. இதைப் படித்தபின் அந்தக் காளை நிற்கும் நிலையே எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

ஏப்ரல் 26
என் கட்டை பிளந்துவிட்டது. ஜன்னலோரம் வெயிலில் வைத்தது என் தப்புதான். வாத்தியார் சிரித்தார். பியூவிக்கின் கட்டையும் சில பிரதிகள் எடுத்த கையோடு வெயிலில் கிடந்து பிளந்ததாம். பெரிய ஆளுக்கு நேர்ந்ததே நமக்கும், சரி, போகட்டும்.

ஏப்ரல் 30
பியூவிக்கின் நினைவுக்குறிப்பில் ஒரு பத்தியை மூன்று தடவை படித்தேன். மந்தை சுற்றிச் சுற்றி ஓடியதால் அவரால் வரைய முடியவில்லை. அதனால் இன்னொரு காளையிடம் தோற்று, விரட்டப்பட்டு, தனியே ஒதுங்கிய ஒன்றைத் தேடியிருக்கிறார். காற்று தன் வாடையை அதனிடம் கொண்டுபோகாத பக்கமாக, கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து போனாராம். வேட்டைக்காரனும் அப்படித்தானே போவான்? இத்தனை கம்பீரமாக நிற்பது அடிபட்டு ஓடிவந்த மாடு. எனக்கு இப்போதுதான் இந்தப் படம் முழுசாகப் பிடிக்கிறது.

மே 5
சில்லிங்ஹாமுக்கே போய்விட்டோம். காவலர் துணைக்கு வராமல் உள்ளே விடமாட்டார்கள். 1947 குளிரில் 13 மாடுகள்தான் மிஞ்சினவாம். இப்போது நூற்றுக்கும் மேல். வெள்ளை உடம்பு, செங்காது. மரங்களை ஒட்டி ஒரு காளை தனியாக நின்றது. நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டடி முன்னால் போனேன். “அதுக்கு மேல வேண்டாம்” என்று காவலர் கையை நீட்டித் தடுத்தார். காளை திரும்பி மரங்களுக்குள் போனது. நோட்டில் தேறியது பின்பக்கமும் வாலும்தான்.