இன்சுலின் இருக்கு, கலத்துக்குத்தான் கேட்கவில்லை
அம்மாவுக்குச் சீனி வருத்தம். "உடம்பில இன்சுலின் இல்லையாம்" என்று அயலில் சொல்வார்கள். ஆனால் இரண்டாம் வகைச் சீனி வருத்தத்தில், தொடக்கத்தில் இன்சுலின் தாராளமாகவே இருக்கும். அது தசைக் கலத்தின் மென்சவ்வில் உள்ள வாங்கியில், அதாவது செய்தியைப் பிடிக்கும் புரதத்தில், வந்து ஒட்டும். வாங்கியின் உட்பக்கத்தில் பொசுபேற்று என்ற சிறு இரசாயனக் கூட்டம் ஏறி, செய்தி தொடங்கும். பிறகு ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, கடைசியில் கலத்துக்குள் காத்திருக்கும் குளூட்-4 என்ற கடத்திப் புரதங்கள் மேலே மென்சவ்வுக்கு வந்து குளுக்கோசை உள்ளே எடுக்கும். இந்த வருத்தத்தில் செய்தி நடுவழியிலேயே மங்கிவிடுகிறது.

எனக்குப் பெரிய ஆறுதல், தசை சுருங்கும்போது இன்சுலின் சொல்லாமலே அதே கடத்திகள் மேலே வரும் என்பதுதான். அதனால் இரவு புட்டோ இடியப்பமோ சாப்பிட்ட பிறகு அம்மாவை நல்லூர் வீதியில் நடக்கக் கூட்டிப் போகிறேன். மருந்தும் கிளினிக்கும் வழக்கம்போலத்தான். உங்கள் வீட்டிலும் ஆரும் இருந்தால் சேர்ந்து நடவுங்கோ.