பெரு நாட்டுத் தணல் கோழி: ஐந்து சனிக்கிழமைகளின் குறிப்பு

நான் வசிக்கும் வடக்கு வர்ஜீனியாவில் பெரு நாட்டுக் கோழிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கரிப்புகை வாசனையே கடை இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். உள்ளே கம்பிகளில் கோர்த்த கோழிகள் தணலுக்கு முன்னால் சுழன்றுகொண்டிருக்கும். அரைக் கோழி வாங்கினால் உருளைக்கிழங்கு வறுவலோடு ஒரு சிறு கிண்ணத்தில் பச்சை சாஸும் வரும். 'போயோ அ லா பிராசா' என்ற அதன் ஸ்பானியப் பெயரைப் பலகையில் பார்த்து நான் உரக்கப் படித்தபோது, என் மகள் "பொய்யோ, மெய்யோ?" என்று கேட்டாள். 'போயோ' என்றால் கோழி, 'பிராசா' என்றால் தணல். அந்தக் கோழியை வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று தொடங்கி ஐந்து சனிக்கிழமைகள் செலவழித்ததில் கற்றுக்கொண்டதை, அடுத்த முறை நானே மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

முதல் சனிக்கிழமை செய்தது முழுத் தோல்வி. 1.8 கிலோ எடையுள்ள முழுக் கோழியை 100 மில்லி சோயா சாஸ், கால் கப் வினிகர், அரைத்த பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், மிளகு, 20 கிராம் உப்பு ஆகியவற்றில் ஒரு நாள் முழுவதும் ஊறவைத்து, 180 பாகை செல்சியஸ் சூட்டில் ஒன்றேமுக்கால் மணி நேரம் அடுப்பில் வைத்தேன். வெளியே எடுத்தபோது நிறம் என்னவோ பழுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அது சோயா சாஸ் ஏற்றிய நிறமேயன்றி நெருப்பு தந்த நிறமன்று. தோல் ஈரத் துணிபோல் தொங்கியது. நெஞ்சுக்கறி உலர்ந்துவிட்டது, வினிகரில் ஊறிய மேற்பரப்போ மாவாகக் குழைந்திருந்தது. உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சோயா சாஸில் உள்ள உப்பைக் கணக்கில் சேர்க்க மறந்ததால், கோழியின் எடையில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு உப்பு உள்ளே போயிருந்தது. இப்போது 45 மில்லி சோயா சாஸும் 12 கிராம் உப்பும் மட்டுமே சேர்க்கிறேன். இரண்டும் சேர்ந்து ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டுகின்றன, அது போதும்.

பெரு நாட்டுச் சமையலில் சோயா சாஸ் எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1849 முதல் சீனத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள், அவர்களுடைய கான்டனீஸ் சொல்லிலிருந்து பிறந்த 'சியாவ்' என்ற பெயரிலேயே பெரு மக்கள் இன்றும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆகையால் அது பின்னாளில் யாரோ செய்த கலப்படமன்று, அந்த நாட்டுச் சரக்கேதான்.

இரண்டாம் முறை கோழியின் முதுகெலும்பை அடுக்களைக் கத்தரிக்கோலால் வெட்டி நீக்கி, நெஞ்செலும்பை அழுத்தி, புத்தகத்தை விரித்ததுபோல் தட்டையாக்கினேன். மசாலாவைத் தோலுக்கு அடியில் விரலால் செலுத்தித் தடவிவிட்டு, தோலின் மேல் ஒட்டியதைக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, குளிர்பெட்டியில் மூடாமல் ஓர் இரவு வைத்தேன். இந்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. தோலில் ஈரம் இருக்கும்வரை அடுப்பின் சூடு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகும், தோலின் வெப்பநிலை நூறு பாகையைத் தாண்டவே தாண்டாது. பழுப்பேறுவதற்கோ அதைவிட நாற்பது பாகையாவது கூடுதலாக வேண்டும். மேலும், மசாலா என்னதான் ஊறினாலும் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. ஆழமாகப் போவது உப்பு ஒன்றுதான். எனவே நீண்ட நேரம் குழம்பில் மிதக்கவிடுவதால் வாசனை கூடுவதில்லை, தோல் கெடுவதுதான் மிச்சம். 220 பாகையில் 45 நிமிடத்தில் கோழி வெந்துவிட்டது. நெஞ்சின் உட்பகுதி 74 பாகையும் தொடை 82 பாகையும் காட்டின. இந்த வேலையில் வெப்பமானி இல்லாமல் இறங்குவது வீண் துணிச்சல்.

சுவை மட்டும் ஏனோ வேறு எங்கோ போயிருந்தது. உண்டுகொண்டிருந்தபோதுதான் காரணம் புரிந்தது: சீரகத்தை நான் வறுத்துப் பொடித்திருந்தேன், அந்த வாசனை கோழியை நேராக நம் வீட்டு வறுவலாக்கிவிட்டது. அடுத்த முறையிலிருந்து வறுக்காத சீரகத்தைப் பொடித்து ஒரு தேக்கரண்டி மட்டும் போட்டேன், அதனோடு உலர்ந்த ஒரேகானோவும் சேர்த்தேன். மிளகாயிலும் இதே சிக்கல்தான். அந்நாட்டு மசாலாவின் முதுகெலும்பு 'அஹி பங்கா' என்னும் கருஞ்சிவப்பு மிளகாய். அதில் காரம் குறைவு, உலர்ந்த பழத்தின் வாசனையும் மெல்லிய புகை வாசனையும் மிகுதி. காஷ்மீரி மிளகாய்த்தூளைப் போட்டுப் பார்த்ததில் நிறம் வந்தது, அந்தப் பழவாசனை வரவில்லை. தென்னமெரிக்கச் சாமான்கள் விற்கும் கடையில் அதன் விழுது குப்பியில் கிடைத்தது. மூன்றாம் முறை இரண்டு மேசைக்கரண்டி விழுதும், அரைக் கப் கறுப்பு பீரும், இரண்டு மேசைக்கரண்டி வினிகரும், ஆறு பல் பூண்டும் சேர்த்ததில் மசாலா நிலைக்கு வந்தது. அன்று அடுப்புத் தட்டில் சொட்டிய கொழுப்பு கருகி வீடெங்கும் புகை சூழ, கூடத்தில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறித் தீர்த்தது தனிக்கதை. தட்டில் ஒரு கப் தண்ணீர் ஊற்றி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இனி பச்சை சாஸ். உண்மையைச் சொன்னால், கோழியைவிட இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

முதல் முறை கொத்தமல்லி, பச்சை மிளகாய், பூண்டு, எலுமிச்சை ஆகியவற்றை நம் வழக்கப்படி மிக்சியில் அரைத்தேன், கிடைத்தது சட்னி. நல்ல சட்னிதான், ஆனால் கடையில் தந்தது சட்னியன்று. அது கரண்டியில் படிந்து மெதுவாக வழியும் ஒரு குழைவு. எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்து நிற்க வேண்டுமென்றால் முட்டையோ மயோனைஸோ வேண்டும். கடை மயோனைஸ் எதற்கு என்ற வீம்பில், முட்டையோடு ஆலிவ் எண்ணெயை மிக்சியிலேயே அடித்துப் பார்த்தேன். குழைவு வந்தது, கூடவே நாக்கில் நிற்கும் ஒரு கசப்பும் வந்தது; முதல் பிழிவு ஆலிவ் எண்ணெயை அதிவேகக் கத்தியில் அடித்தால் இப்படித்தான் ஆகும் என்பது பிறகுதான் தெரிந்தது. வாசனையற்ற எண்ணெய்தான் இதற்குச் சரி, அல்லது வீம்பை விட்டுவிட்டுக் கடை மயோனைஸையே போடலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

பச்சைப் பூண்டின் காட்டம் அடுத்த தலைவலி. பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்துதான் அந்த எரிப்பு உண்டாகிறது. புளிப்பு அந்த நொதியை முடக்கிவிடும். ஆகவே பூண்டை எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்து முதலில் அரைத்துப் பத்து நிமிடம் விட்டேன், அதன் பிறகே மற்றவற்றைச் சேர்த்தேன். அதே ஒரு பல் பூண்டுதான், ஆனால் தொண்டையைப் பிடிக்கவில்லை. மிக்சி ஜார் சூடேறினால் பச்சை நிறம் மங்கிப் பாசி நிறமாகிவிடுகிறது. குளிர்ந்த மயோனைஸைப் போட்டு, விட்டுவிட்டு அரைத்தால் நிறம் நிற்கிறது.

இத்தனையும் சரி செய்து, லிமாவிலிருந்து வந்து எங்கள் அலுவலகத்தில் பணியாற்றும் நண்பருக்கு ஒரு குப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சுவைத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் இது அமெரிக்காவில் இருக்கும் பெரு என்றார். கொத்தமல்லியையும் ஹலபேன்யோ மிளகாயையும் முன்னிறுத்தும் சாஸ் இங்குள்ள கடைகளில் பெருகியது என்றும், தம் வீட்டில் 'அஹி அமரியோ' மிளகாயும் 'வாகட்டாய்' இலையும் இல்லாமல் சாஸ் அரைத்ததே இல்லை என்றும் சொன்னார். அமரியோ என்றால் மஞ்சள் என்று பொருள், பழுத்த காயோ ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. வாகட்டாய் நம் துலுக்கச் சாமந்திக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் இலை. அதன் விழுதைக் குப்பியிலிருந்து முகர்ந்தபோது புதினாவும் சாமந்திச் செடியைக் கசக்கிய வாசனையும் ஒருங்கே எழுந்தன. ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் மருந்து வாசனை அடிக்கிறது.

இப்போது நான் கொள்ளும் அளவு இதுதான்: இளந்தண்டோடு ஒரு கட்டுக் கொத்தமல்லி, விதை நீக்கிய இரண்டு ஹலபேன்யோ, அஹி அமரியோ விழுது ஒரு மேசைக்கரண்டி, வாகட்டாய் விழுது ஒரு தேக்கரண்டி, ஒரு பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைக் கப் மயோனைஸ், உதிர்த்த உப்புப் பாலாடைக்கட்டி மூன்று மேசைக்கரண்டி. நிறம் கடையில் தருவதைவிடச் சற்று மஞ்சளாகத்தான் வருகிறது. அடுத்த குப்பியைச் சுவைத்த நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, குப்பியையும் திருப்பித் தரவில்லை.

நான்காம் சனிக்கிழமை கொல்லைப்புறத்தில் கரி அடுப்பை மூட்டினேன். பெருவில் இதற்கு உகந்த விறகு அந்நாட்டின் வறண்ட வடகடலோரத்தில் வளரும் 'அல்கர்ரோபோ' என்கிறார்கள். இங்கே அது கிடைக்காது. ஆனால் அதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தின் கரி மூட்டையாக விற்கிறது. மூட்டையைப் பிரித்தபோது வந்த வாசனை எனக்கு எங்கேயோ பழகியதாக இருந்தது, சற்று யோசித்ததும் பிடிபட்டது. எங்கள் இராமநாதபுரத்துப் பக்கம் கரிமூட்டம் போடுகிற சீமைக்கருவேலமும் இதே குடும்பத்து மரம்தான். ஊரில் எல்லோரும் வெட்டித் தொலைக்க வேண்டும் என்று சபிக்கிற மரத்தின் உறவை, இங்கே மூட்டைக்குக் காசு கொடுத்து நான் வாங்கி வந்திருக்கிறேன்.

கரியை அடுப்பின் ஒரு பக்கமாகக் குவித்து, கோழியை மறுபக்கத்தில் தோல் மேலே இருக்குமாறும் கால்கள் தணலை நோக்குமாறும் வைத்தேன். தொடை வேகக் கூடுதல் சூடு வேண்டும், நெஞ்சுக்குக் குறைவாக இருந்தால் போதும். இந்தக் கிடப்பில் இரண்டும் ஒரே நேரத்தில் பதமாகின்றன. மூடியின் துளையைக் கோழிக்கு நேர் மேலே திருப்பினால் புகை கோழியைக் கடந்துதான் வெளியேறும். நாற்பது நிமிடம் கழித்து, தணலுக்கு நேர் மேலே தோலைக் கீழாகக் கவிழ்த்து மூன்று நிமிடம் வாட்டினேன். சொட்டிய கொழுப்பு தணலில் விழுந்து எழுந்த புகையில்தான் கடையின் வாசனை முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தது.

இந்தக் கோழியின் வரலாறு அவ்வளவு பழையதன்று. 1950-ஆம் ஆண்டு, லிமாவுக்குக் கிழக்கே சாந்தா கிளாராவில், ரோஜர் ஷுலர் என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் தம் கோழிப்பண்ணையில் 'லா கிராங்ஹா அசுல்', அதாவது நீலப் பண்ணை, என்ற உணவகத்தைத் தொடங்கித் தணலில் கோழி சுட்டு விற்றார். பல கோழிகளை ஒரே சமயத்தில் சுழற்றும் அடுப்பை வடிவமைத்துக் கொடுத்தவர் ஃபிரான்ஸ் உல்ரிச் என்ற இன்னொரு சுவிட்சர்லாந்துக்காரர். 2004-இல் பெரு அரசு இதைத் தன் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. ஜூலை மாதத்து மூன்றாம் ஞாயிறு அங்கே இந்தக் கோழிக்குரிய நாளாகவும் கொண்டாடப்படுகிறது. இதில் என்னை உறுத்தியது வேறொரு செய்தி: ஷுலர் தொடக்கத்தில் உப்பைத் தவிர வேறெதையும் தடவவில்லை என்று சொல்கிறார்கள். சோயா சாஸும் சீரகமும் பீரும் பின்னால் வந்து சேர்ந்தவையாம்.

அதைச் சோதித்துப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. ஐந்தாம் சனிக்கிழமை ஒரே கோழியை நெடுக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதிக்கு எடையில் ஒரு விழுக்காடு உப்பு மட்டும் தடவினேன். மறு பாதிக்கு முழு மசாலா. இரண்டும் ஓர் இரவு குளிர்பெட்டியில், இரண்டும் ஒரே தணலில். உப்புப் பாதியின் தோல் அப்பளம்போல் நொறுங்கியது, பச்சை சாஸைத் தொட்டுக்கொள்ளவும் அதுவே ஏற்றதாக இருந்தது, ஏனென்றால் சாஸோடு போட்டியிட அதில் வேறு வாசனை இல்லை. மசாலாப் பாதி நிறத்தில் அழகு. சாஸ் இல்லாமல் உண்ணும்போது அதுதான் மேல், மறுநாள் குளிர்ந்த நிலையில் உண்டபோதும் அதுதான் மேல். வீட்டில் வாக்கெடுப்பு நடந்தது: மகளும் நானும் உப்புப் பக்கம், மனைவி மசாலாப் பக்கம். இத்தனை வாரம் மசாலாவின் அளவைத் திருத்திக்கொண்டிருந்தவன் கடைசியில் கட்சி மாறியதை அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

இரண்டு பாதிகளின் எலும்பையும் வீசவில்லை. அவற்றை வேகவைத்த நீரில், சாஸுக்குப் போக மிஞ்சிய கொத்தமல்லியை அரைத்துச் சேர்த்து, ஒரு கைப்பிடி அரிசியும் பட்டாணியும் போட்டால் 'அகுவாதித்தோ' என்னும் பச்சை நிறக் கஞ்சி கிடைக்கிறது. பெருவின் கோழிக் கடைகள் பலவற்றில் கோழி வருமுன் ஒரு கிண்ணம் இதைத்தான் முதலில் வைப்பார்களாம். ஞாயிறு மதியத்துக்கு அதுவே ஆயிற்று. அரிசியைச் சற்று அதிகமாகப் போட்டுவிட்டேன், அடுத்த முறை பாதி போதும்.